பஞ்சாங்கம் பார்த்து எழுதிய வயர்லெஸ் மனு

டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்தவளுக்கு எழுத முடியாத மனு என்று உலகத்தில் எதுவும் கிடையாது என்று இருபத்திரண்டு வயதில் நான் நம்பிக்கொண்டிருந்தேன். அந்தத் திமிரை டெல்லிக்காரர்கள் இரண்டரை வருஷத்தில் முழுசாக இறக்கிவிட்டார்கள்.

கம்பைநல்லூருக்குப் பக்கத்தில் கரடு என்று நாங்கள் சொல்லும் ஒரு சின்னப் பாறைக் குன்றை ஒட்டி இருந்த கல் குவாரியில் எனக்கு ஆபீஸ் வேலை. ஆபீஸ் என்றால் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரே அறை. ஒரு டைப்ரைட்டர், நான், கணக்குப்பிள்ளை, எல்லாவற்றின் மேலும் ஒட்டியிருக்கும் கல் தூசி. என் அப்பாவும் அதே குவாரியில்தான் இருந்தார். இருபது வருஷம் கல் உடைத்து முதுகு போனதும் முதலாளி அவரைக் கரட்டுக்கு அந்தப் பக்கம் காவலுக்குப் போட்டிருந்தார். முதலாளி தருமபுரிக்காரர். அங்கே மரக்கடையும் வைத்திருந்த முஸ்லிம் குடும்பம். நாங்கள் எல்லாரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம்.

காவல் என்றதும் சும்மா உட்கார்ந்திருக்கிற வேலை என்று நினைத்துவிட வேண்டாம். கரட்டுக்குப் பின்னால் ஓர் ஒற்றையடிப் பாதை போகிறது. இரண்டு ஊர் சனங்களும் ஆடுமாடுகளும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் அந்த வழியாகத்தான் நடப்பார்கள். தினமும் பகல் பன்னிரண்டரைக்கு நாங்கள் வெடி வைப்போம். முதல் விசிலுக்கு ஆட்கள் பள்ளத்தை விட்டு வெளியேற வேண்டும். இரண்டாவது விசிலுக்கு அப்பா சிவப்புத் துணியைக் காட்டிப் பாதையில் வருகிறவர்களை நிறுத்திவிட்டு, வேப்பமரத்தில் கட்டித் தொங்கவிட்டிருந்த தண்டவாளத் துண்டைச் சுத்தியலால் ஐந்து தடவை அடிக்க வேண்டும். அந்தச் சத்தம் இந்தப் பக்கம் வந்து சேர்ந்தால்தான் வெடி மேஸ்திரி திரியில் நெருப்பு வைப்பார். மருந்து அடைத்த எல்லாக் குழியும் வெடித்து முடிந்ததும் மூன்றாவது விசில். அதைக் கேட்டு அப்பா பாதையைத் திறந்து விடுவார்.

ஓர் ஆடி மாதம் அது தப்பிப் போனது. அன்றைக்கு இரண்டு குழி. ஒன்று வெடித்தது, இன்னொன்று திரி ஈரமோ என்னவோ தாமதித்தது. மேஸ்திரி காத்துக்கொண்டிருந்தார், விசில் ஊதவில்லை. அப்பா அந்தப் பக்கம் பாதையைத் திறந்துவிட்டார். ஆடு ஓட்டிக்கொண்டு ஒரு பொம்பளை உள்ளே வரவும் இரண்டாவது குழி வெடித்தது. அம்மிக்கல் அளவு கல் ஒன்று பறந்து வந்து அவளுக்கு முன்னால் போன ஆட்டின் மேல் விழுந்தது. இரண்டு எட்டு முன்னால் வைத்திருந்தாள் என்றால் அவள் இல்லை.

அப்பா இரண்டு நாள் சாப்பிடவில்லை. விசில் கேட்ட மாதிரி இருந்துச்சு என்று மட்டும் சொன்னார். ஆடிக் காற்றில் எந்தச் சத்தம் எங்கே போகிறது என்று யாருக்குத் தெரியும் என்று மேஸ்திரியே அவருக்காகப் பேசினார். நானும் காற்றைத்தான் திட்டினேன்.

அடுத்த வாரம் பெங்களூர் போய்விட்டு வந்த பாய் என் மேசைக்கு முன்னால் நின்றார். அங்கே கட்டடம் கட்டுகிற இடத்தில் கையடக்கமான மெஷினை வைத்துக்கொண்டு மாடியில் இருக்கிறவனும் கீழே இருக்கிறவனும் பேசிக்கொள்கிறார்களாம். வாக்கி டாக்கியாம்.

“இந்தப் பக்கம் ஒண்ணு, உங்கப்பா கையில ஒண்ணு. காத்தடிச்சா என்னா, மழ பேஞ்சா என்னா? காதுகிட்டயே வச்சுப் பேசலாம்மா. அதுக்கு லைசென்ஸ் வேணுமாம். நீ எழுது.”

எனக்கு அவர் காலில் விழலாம் போல இருந்தது. இன்னொரு தடவை அப்படி ஒரு கல் விழுந்தால் அது ஆட்டோடு நிற்காது என்பது எனக்குத் தெரியும். விழுந்தால் அப்பா அதற்கப்புறம் உயிரோடு இருக்க மாட்டார் என்பதும் தெரியும். அந்த மெஷின் வந்துவிட்டால் இரண்டுக்கும் விடிவு.

அது வீட்டு ரேடியோவுக்கே லைசென்ஸ் வாங்கிக்கொண்டிருந்த காலம். அதனால் பாய் நேராகத் தபாலாபீசுக்குப் போனார். போஸ்ட்மாஸ்டர் பாவம், ரேடியோ லைசென்ஸ் புத்தகத்தை எடுத்து முன்னால் வைத்து, எத்தனை பேண்ட் என்று கேட்டிருக்கிறார். இது பேசுகிற ரேடியோ என்று பாய் விளக்கியதும், ரேடியோ என்றாலே பேசத்தானே செய்யும் என்றாராம். அங்கிருந்து திரும்பி, பெங்களூர்க் கடைக்காரருக்குக் கடிதம் போட்டோம். லைசென்ஸ் கைக்கு வராமல் மெஷினைத் தொட்டாலே குற்றம், டெல்லிக்கு எழுதுங்கள் என்று பதில் போட்டு, ஒரு ஃபாரத்தையும் அனுப்பி வைத்தார்.

ஃபாரம் எட்டுப் பக்கம். நான் டிக்ஷனரியை வைத்துக்கொண்டு மூன்று நாள் அதோடு மல்லுக்கட்டினேன். எதற்காக வேண்டும், என்ன மொழியில் பேசுவீர்கள், யார் யார் பேசுவார்கள் எல்லாம் எழுதியாகிவிட்டது. பேசுகிறவர்கள் பட்டியலில் அப்பாவின் பெயரை டைப் அடித்தபோது பெருமையாகக்கூட இருந்தது. கடைசியில் ஒரு கட்டம் வந்து நின்றது. ஒவ்வொரு நிலையமும் அமைந்திருக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை.

எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் சர்வே நம்பர். கிராம அதிகாரியைக் கேட்டேன். அது பட்டாவில் வராதும்மா என்றார். தாலுகா ஆபீஸ் சர்வேயர், வடக்கே யார் நிலம் தெற்கே யார் நிலம் என்று எழுதித் தருகிறேன், டெல்லிக்கு அது போதாதா என்று என்னையே திருப்பிக் கேட்டார். பள்ளிக்கூட அட்லஸில் எங்கள் ஜில்லாவே ஒரு கட்டைவிரல் ரேகைக்குள் அடங்கிவிட்டது.

கணக்குப்பிள்ளை அப்போதுதான் மேசை இழுப்பறையிலிருந்து பஞ்சாங்கத்தை எடுத்தார். ராகுகாலம் பார்க்காமல் லாரிக்குச் சீட்டுக்கூட எழுத மாட்டார் மனிதர். கடைசிப் பக்கங்களைப் புரட்டி என் முன்னால் விரித்தார். ஜாதகம் கணிப்பதற்காக ஊர் ஊராக அட்சாம்சம், ரேகாம்சம் என்று பாகை, கலை, அதாவது டிகிரி, மினிட் எல்லாம் சுத்தமாக அச்சடித்திருந்தார்கள். தருமபுரி இருந்தது. கம்பைநல்லூர் இல்லை.

“தருமபுரியவே போடும்மா. பதினஞ்சு மைலுக்கு ஜாதகமே மாறாது, வயர்லெஸ் மாறிடுமா?”

எனக்கு அது நியாயமாகப் பட்டது. ஆபீசுக்கும் அதே எண், கரட்டுக்கு அந்தப் பக்கத்துக்கும் அதே எண். டிகிரிக் குறிக்கு டைப்ரைட்டரில் எழுத்து இல்லாததால் பேனாவால் குட்டிக் குட்டி வட்டம் போட்டேன். வேதக்காரப் பெண் பஞ்சாங்கம் பார்த்து டெல்லிக்கு எழுதுகிறாள் என்று பங்குச் சாமியாருக்குத் தெரிந்தால் என்ன சொல்வார் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேதான் உறையை ஒட்டினேன். ரிஜிஸ்டர் தபால்.

அதற்கப்புறம் கிணற்றில் போட்ட கல்தான். தபால்காரர் வருகிற நேரமும் வெடி வைக்கிற நேரமும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தது. தினமும் பன்னிரண்டு மணி ஆனதும் என் விரல்கள் தாமாக நின்றுவிடும். முதல் விசில். இரண்டாவது விசில். அப்புறம் தண்டவாளச் சத்தத்துக்காகக் காத்திருப்பேன். ஐந்தும் விழுந்த பிறகுதான் மூச்சு வரும். காற்று நாட்களில் சத்தம் வந்ததா வராததா என்று மேஸ்திரியும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வோம். வந்துச்சு என்று நான் சொன்னால்தான் அவர் போவார். அந்தப் பொறுப்பை யாரும் எனக்குக் கொடுக்கவில்லை. அது பாட்டுக்கு என் தலையில் வந்து உட்கார்ந்துகொண்டது.

நாலைந்து மாதம் கழித்து மஃப்டியில் ஒரு போலீஸ்காரர் வந்தார். டெல்லியிலிருந்து விசாரணைக்கு எழுதியிருக்கிறார்களாம். டீ வாங்கிக் கொடுத்தோம். யாரிடம் பேசுவீர்கள், என்ன பேசுவீர்கள் என்று கேட்டார். பாதை காலியா, காலி, இவ்வளவுதான் சார் என்றேன். கல் உடைக்கிறவர்களில் பாதிப் பேர் தெலுங்கு பேசுகிறார்களே, கன்னடமும் காதில் விழுகிறதே, நீங்கள் தமிழ் என்று மட்டும் எழுதியிருக்கிறீர்களே என்று ஒரு கேள்வி. எழுந்து போகும்போது குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார்.

“நக்சலைட்டத் தேடிக்கிட்டிருக்கற இந்த ஜில்லாவுல வெடியும் வயர்லெஸ்ஸும் ஒரே பேப்பர்ல எழுதினா எந்த ஆபீசரும்மா தைரியமா கையெழுத்து போடுவாரு? ஒண்ண எடுத்துடுங்க.”

எதை எடுப்பது? வெடிக்காகத்தான் வயர்லெஸ். அவருக்கும் அது தெரியும். நல்ல மனிதர்தான், கெடுதல் நினைத்துச் சொல்லவில்லை. யார் மேலும் கோபப்பட முடியாமல் இருப்பது போல ஓர் எரிச்சல் கிடையாது. அன்றைக்குக் கணக்குப்பிள்ளை மேல் காட்டிவிட்டேன்.

எட்டாவது மாதம் டெல்லிக் கடிதம் வந்தது. இரண்டே வரி. நீங்கள் கொடுத்துள்ள அட்சரேகை தீர்க்கரேகைப்படி உங்கள் இரண்டு நிலையங்களும் ஒரே புள்ளியில் இருக்கின்றன. ஒரே இடத்தில் இருக்கும் இருவர் வயர்லெஸ் மூலம் பேச வேண்டிய அவசியம் என்ன என்பதை விளக்கவும்.

படித்துவிட்டுச் சிரித்தேன். கணக்குப்பிள்ளைக்குப் படித்துக் காட்டினேன், அவரும் சிரித்தார். அப்புறம் தகரக் கதவுக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். எட்டு மாதம் நானே கெடுத்தது. வேறு எவனும் இல்லை.

பாய் திட்டுவார் என்று பார்த்தேன். கடிதத்தை வாங்கி, தலைகீழாகப் பிடித்து, நேராகப் பிடித்து, திருப்பிக் கொடுத்தார். சீக்கிரம் மாத்தி எழுதும்மா என்றார், அவ்வளவுதான். அந்தச் சீக்கிரம் என்ற சொல்லை அவர் சொன்ன விதம் கொஞ்சம் வித்தியாசமாக இருந்தது. வியாபாரி, அவசரப்படுகிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

ஹைஸ்கூல் பூகோள வாத்தியார் ஒருவர்தான் வழி சொன்னார். ஃபாரஸ்ட்காரர்களிடம் பெரிய மேப் இருக்கும், அதில் கரடு, ஓடை எல்லாம் தெரியும், ஓரத்தில் பாகை கலை போட்டிருக்கும் என்றார். அரூர் ரேஞ்சர் ஆபீசுக்குப் போனேன். மூன்று தடவை போனேன். முதல் தடவை ரேஞ்சர் இல்லை. இரண்டாம் தடவை இருந்தார், மேப் வெளியாட்களுக்குக் கிடையாது என்றார். மூன்றாம் தடவை ஆட்டு மேல் விழுந்த கல்லைப் பற்றிச் சொன்னேன். நகல் எடுக்கக் கூடாது, பேப்பரில் எழுதக் கூடாது, சுவரில் மாட்டியிருப்பதை நின்று பார்த்துக்கொள், நான் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

எங்கள் கரடு அதில் பயறு அளவுக்கு இருந்தது. புடவை முந்தானையிலிருந்து ஒரு நூலை உருவி ஓரத்து எண்ணுக்கும் கரட்டுக்குமாக இழுத்துப் பிடித்து, மனசுக்குள் கலைகளைப் பிரித்து, பேருந்து நிலையம் வரும்வரை வாயால் முணுமுணுத்துக்கொண்டே வந்து பஸ் டிக்கெட்டின் பின்னால் எழுதினேன்.

இந்தத் தடவை இரண்டு இடங்களும் தள்ளித்தான் இருந்தன. ஆனால் ஃபாரம் மாறிவிட்டதாம், புது ஃபாரத்தில் எழுத வேண்டுமாம். எழுதினேன். மூன்று பிரதி போதாது, ஐந்து வேண்டுமாம். அனுப்பினேன். ஒரு துறையின் ஆட்சேபம் இல்லாச் சான்று வர வேண்டியிருக்கிறது என்றார்கள். நினைவூட்டுக் கடிதம், அதற்கு நினைவூட்டுக் கடிதம். தங்கள் கடிதம் பரிசீலனையில் உள்ளது என்ற வரியை எவ்வளவு வெறுத்தேன் என்றால், பிற்பாடு என் கல்யாணப் பேச்சில் மாப்பிள்ளை வீட்டார் யோசித்துச் சொல்கிறோம் என்றபோது வேண்டாம் என்று நான் முந்திக்கொண்டேன். இன்னொரு ஆடி போனது. இன்னும் ஒன்று போனது. ஒவ்வொரு ஆடியிலும் ஜெபமாலையை டிராயரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தப் பாதையில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அது எங்கள் சாமர்த்தியம் இல்லை.

மாசி பிறந்தபோது லைசென்ஸ் வந்தது. பழுப்பு உறை, அசோகச் சக்கரம், நாலு பக்க நிபந்தனை. பாய் பெங்களூருக்கு லாரியிலேயே போய் மறுநாள் இரண்டு செட்டையும் கொண்டுவந்துவிட்டார். திங்கட்கிழமை வெடிக்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமை ஒரு தடவை பேசிப் பார்த்துவிடுங்கள் என்றார். பூசை முடிந்ததும் நானும் அப்பாவும் கரட்டைச் சுற்றி அந்தப் பக்கம் போனோம். மேஸ்திரி இந்தப் பக்கம்.

வேப்பமரத்தடியில் செட்டை அப்பா கையில் கொடுத்தேன். அதற்கு உயிர் கொடுக்க மேலே இருந்த திருகை நான் இன்னும் திருகவில்லை. எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று காட்டியதும் அவர் காதோடு சேர்த்து வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் தலையாட்டினார். பிறகு வாய்க்கு நேராகப் பிடித்து, பாதை காலிங்க, வைக்கலாங்க என்றார்.

விளையாடுகிறார் என்று நினைத்தேன். இன்னும் போடலைப்பா என்றேன். அவர் கரட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே நின்றார். பின்னால் நின்று சத்தமாகச் சொன்னேன். திரும்பவில்லை. முன்னால் வந்து திருகைத் திருகினேன். கரகரவென்று மேஸ்திரியின் குரல் மரத்தடி முழுக்கக் கேட்டது. அண்ணே, ஞாயித்துக்கெழம என்னா கறி எடுத்தீங்க என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

“கேக்குதாப்பா?”

“கேக்குதும்மா. நல்லாக் கேக்குது.”

“என்னா சொல்றாரு?”

என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தவர் ஒரு கணம் யோசித்தார். “வெடி வைக்கலாமான்னு கேக்கறாரு.”

நான் திருகை மூடினேன். அவருக்கு என் முகத்திலிருந்து தெரிந்துபோயிற்று. பக்கத்துப் பாறையில் உட்கார்ந்தார். எத்தனை நாளாக என்று கேட்டேன்.

“விசிலு போயி மூணு வருசத்துக்கு மேல ஆவுதும்மா. காதுகிட்ட பேசினாக் கேட்டுட்டிருந்துச்சு. அதுவும் இந்தப் பொங்கலுக்கு அப்பறம் இல்ல.”

அப்படியானால் தினமும் தண்டவாளத்தை எப்படி அடித்தார் என்றேன். கைக்கடிகாரத்தைக் காட்டினார். பன்னிரண்டரை ஆனால் அடித்துவிடுவாராம். வெடித்தால் காலில் அதிரும். ஆடு செத்த அன்றைக்கு ஒன்றுதான் அதிர்ந்தது, அதோடு முடிந்தது என்று நினைத்துவிட்டாராம். அதற்கப்புறம் கடைசியாக அதிர்ந்ததிலிருந்து ஐந்நூறு எண்ணிவிட்டுத்தான் பாதையைத் திறக்கிறாராம். இத்தனை நாள் நான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்ட ஐந்து அடிக்கும் மணி பன்னிரண்டரை ஆகிவிட்டது என்பதைத் தவிர ஓர் அர்த்தமும் இருந்ததில்லை.

எங்கள் வீட்டில் அவர் எப்போதுமே குறைவாகப் பேசுகிறவர். அம்மா அவர் தோளைத் தொட்டு, முகத்துக்கு நேராக வந்துதான் எதையும் சொல்வாள். அதை நான் பாசம் என்று நினைத்திருந்தேன்.

பாய்கிட்ட சொல்லிடாத சாமி என்றார் அப்பா. மகளைச் சாமி என்று கூப்பிடுவது அவர் வழக்கம்தான், ஆனால் அன்றைக்கு அது வேண்டுதல் மாதிரியே இருந்தது. சொன்னால் அவருக்கு அந்த மரத்தடியும் இல்லை. சொல்லாவிட்டால் அந்தப் பாதை. அங்கிருந்து நடந்து வருகிறவரை இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். நடுவில் எதுவும் இல்லை.

பாய் ஆபீஸ் வாசலில் காத்துக்கொண்டிருந்தார். அப்பா வீட்டுக்குப் போகட்டும் என்று இருந்துவிட்டுச் சொன்னேன். அவருக்குக் காது சுத்தமா கேக்கலைங்க.

அவர் ஆச்சரியப்படவில்லை. செட்டை என் கையிலிருந்து வாங்கி மேசைமேல் மெதுவாக வைத்தார்.

“தெரியும்மா. ஆடு செத்த மறுநாளே பின்னால நின்னு கூப்ட்டுப் பாத்தேன். திரும்பல. காதுகிட்ட போயி பேசினேன், கேட்டுச்சு. அதான் இத எழுதச் சொன்னேன். காதுல வச்சாக் கேக்கும்ல.” செட்டின் மேல் படிந்த தூசியை விரலால் துடைத்தார். “அப்பக் கேட்டுச்சும்மா.”

தெரிந்தே அங்கே நிற்க வைத்தீர்களா என்று கேட்டேன். அவர் செட்டை எடுத்து டிராயருக்குள் வைத்து மூடினார். அதற்கு மேல் அவரைக் கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. நான் கெடுத்த அந்த எட்டு மாதம் முன்னாலேயே உறை வந்திருந்தால் அது பொங்கலுக்கு முன்னால். எத்தனை தடவை எண்ணிப் பார்த்தாலும் கணக்கு அங்கேயே வந்து நின்றது.

திங்கட்கிழமை அந்தப் பக்கத்துக்கு வேறு ஆள் போனார். அப்பாவை என் அறையில் உட்காரச் சொன்னார்கள், லாரிச் சீட்டுகளை அடுக்கி வைக்க. பன்னிரண்டரைக்குக் கொஞ்சம் முன்னால் மேஸ்திரி செட்டில் பேசினார், அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது, இரண்டாவது விசில் போயிற்று. அப்பா சீட்டுகளைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். வெட்கப்படாமல், முதல் தடவையாக, என்னிடம் கேட்டார்.

“ஊதிட்டாங்களா சாமி?”

ஊதிட்டாங்க என்று அவர் முகத்துக்கு நேராகச் சொன்னேன். அவர் இரண்டு கால்களையும் தரையில் அழுத்தி வைத்துக்கொண்டு காத்திருந்தார்.